வாசிக்க மட்டும்

ஹட்டனில், டிக்கோயா ரோட்டில்,
ரேடியேட்டர் திருத்துகிற கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
இரண்டு மேசை, ஒரு ஒழுக்கு, ஒழுக்குக்கு ஒரு வாளி.

என் திரைக்குள் ஒரு போன் இருக்கிறது.
கையில் எடுக்க முடியாது.
அதன் பேட்டரி எந்நேரமும் நூறு.
கரண்ட் போய் என் மடிக்கணினி பதினொன்றில் இழுக்கும்போதும்
எமுலேட்டருக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும்.
எங்கே நிற்கிறாய் என்று கேட்டால்
அமெரிக்காவில் ஒரு ஊரைக் காட்டும்.
அந்த ஊர்ப் பெயருக்கு மலைக்காட்சி என்று அர்த்தமாம்.
நிரோஷன் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தான்.
முகில். ஒரு மலையும் இல்லை.

வேலை இதுதான்:
கொழுந்து நிறுக்கிற மடுவங்களுக்கு நூற்றி நாற்பது போன்.
தராசோடு பேசும் செயலியை
சிஸ்டம் பிரிவுக்குள் வைத்து,
பிரிவு முழுவதையும் ஒரே பிம்பமாக இறுக்கிக் கொடுக்கவேண்டும்.
எவரும் அழிக்கக்கூடாது.

பிரிவு என்றால் எனக்கு முதலில் தோட்டத்துப் பிரிவுதான்.
கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், தொங்கல் காம்பரா.
போனுக்குள்ளும் ஆட்கள் புழங்குவதற்கு ஒரு பிரிவு:
திருவிழாப் படம், சீட்டுக் கணக்கு, பிள்ளை இருமிய குரல்.
அதை ஒரு பட்டனில் துடைக்கலாம்.
சிஸ்டம் அப்படியில்லை.
வாசிக்கலாம். எழுத ஏலாது.

செவ்வாய்க்கிழமை சோதனை.
இல்லாத போனில், இல்லாத தராசில்,
பதினெட்டரை கிலோ இல்லாத கொழுந்து வைத்தேன்.
பதினாறரை என்றது.
திரும்ப வைத்தேன். பதினாறரை.
பிழையைத் தேடி உள்ளே இறங்கினால்
பிழை இல்லை, ஒரு வரி:
கழிவு, இரண்டு.
சாக்குக்கும் ஈரத்துக்குமாம்.
வெயிலடித்த நாளுக்கும் அதே இரண்டு.

பதினெட்டுக்குக் குறைந்தால் அரைப்பேர்.

அன்று பார்த்துச் சந்தனமேரி கோல் எடுத்தாள், மேற்பிரிவிலிருந்து.
"ஒங்க போன் வரப்போகுதாமே?
இனி கணக்கப்பிள்ளை ஏமாத்த ஏலாதாமே?"
லைன் கிளியர் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.
லைன் நல்லா கிளியர்.

இரவு, வாளியில் சொட்டு விழ விழ,
எழுதும் உரிமை கேட்டேன்.
எமுலேட்டர் யாரையும் ஏன் என்று கேட்காது.
இரண்டைப் பூச்சியமாக்கினேன்.
பதினெட்டரை வைத்தேன். பதினெட்டரை!
மேசையைத் தட்டியதில் தேத்தண்ணி கவிழ்ந்தது.
போனை அணைத்து எழுப்பினேன்.
பதினாறரை.

நான் எழுதியதெல்லாம் ஒரு தற்காலிக நகலில்.
மூலப் பிம்பம் அசையவே இல்லை.
அசைத்தாலும் நிஜப் போன் எழும்பாது.
ஒரு இலக்கம் மாறினால் கையொப்பம் ஒத்துவராது.
கையொப்பமிடுகிற சாவி கொழும்பில்,
நான் மின்னஞ்சலில் மட்டும் கண்ட ஒரு மனிதரிடம்.

ஆனால் தமிழ்ச் சொற்கள் என் பொறுப்பு.
வேலை ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது:
திரையில் வருகிற வசனங்கள், மூன்று மொழியில்,
தமிழ் நான்.
"எடை" என்று இருந்த இடத்தில்
வேறொன்று எழுதினேன்:
"நிறுத்தது இவ்வளவு. இரண்டு கிலோ கழித்தோம். மிச்சம் இவ்வளவு."
ஒரு பெட்டிக்குள் அடங்கவில்லை.
எழுத்தைச் சின்னதாக்கினேன்.
பிறகு, சந்தனமேரிக்குக் கண் மங்கல் என்று ஞாபகம் வந்து
பெரிதாக்கி, தோட்ட லோகோவை ஒரு மூலைக்குத் தள்ளினேன்.

கணக்கில் கை வைக்கவில்லை.
கழிவு இரண்டு, அப்படியே.

பிம்பத்தைக் கட்டி ஏற்றினேன்.
இணைப்பு மூன்று முறை அறுந்து
நாலாம் முறை போய்ச் சேர்ந்தது.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது, கையொப்பத்தோடு.
"எல்லாம் சரி" என்று இங்கிலீஷில் ஒரு வரி.
வாசித்தாரா, தெரியாது.

நிரோஷன் முதல் போனைக் கேபிளில் மாட்டினான்.
நூறு வீதம் வரப் பத்து நிமிடம்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வாளி நிரம்பியதை ஒருவரும் கவனிக்கவில்லை.
கீழே ரேடியேட்டர்க்காரர்தான் சத்தம் போட்டார்.